காகித உறையிலும் வாய்தாவிலும் தோற்கும் வழக்குகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலியல் வன்கொடுமைச் செய்தி ஒன்று ஊரை உலுக்கும்போதெல்லாம் உங்கள் வாசகர் கடிதப் பகுதி தூக்குத் தண்டனை கேட்கும் கடிதங்களால் நிரம்புகிறது. அந்தக் கோபம் எங்களுக்கும் உண்டு. மகளிர் நீதிமன்றங்களில் வழக்காடுகிறவர்களும், அரசு மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனைகளைச் செய்கிறவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். வழக்கு எந்த இடத்தில் கைநழுவிப் போகிறது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தண்டனை போதாது என்பது இப்போது குறையே அல்ல. வன்புணர்வுக்குக் குறைந்தது 7 ஆண்டு என்று 1983இல் ஆனது. 2018இல் அது 10 ஆண்டானது. 12 வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் மரண தண்டனை வரை போகலாம். 2025 ஜனவரியில் தமிழகச் சட்டப்பேரவை 10 ஆண்டை 14 ஆண்டாக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. இவ்வளவுக்கும் பிறகு நிலவரம் என்ன? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாடு முழுக்கப் பதிவான வன்புணர்வு வழக்குகள் 31,516. அந்த ஆண்டில் விசாரணை முடிந்து தீர்ப்பான வழக்குகளில் தண்டனை கிடைத்தது நூற்றுக்கு 27 அளவில்தான். குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தவர், உறவினர், அண்டை வீட்டார் என்பதாகப் பத்தில் ஒன்பது வழக்குகளுக்கு மேல் இருக்கிறது. மாமனையோ சித்தப்பாவையோ தூக்கில் போடப்போகிறார்கள் என்றால் புகாரை அமுக்கிவிடத்தான் குடும்பம் பார்க்கும். டெல்லி நிர்பயா வழக்குக்குப் பிறகு சட்டத் திருத்தங்களைப் பரிந்துரைக்க அமைக்கப்பட்ட நீதிபதி ஜே.எஸ்.வர்மா குழு 2013 ஜனவரியில் தந்த அறிக்கையில் வன்புணர்வுக்கு மரண தண்டனையைப் பரிந்துரைக்காமல் விட்டது யோசித்துத்தான்.

முதல் சறுக்கல் காவல் நிலையத்தில் நடக்கிறது. புகாரோடு போகிறவர்கள் கையில் பல இடங்களில் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. "விசாரிச்சுட்டு எஃப்.ஐ.ஆர். போடுறோம், போயிட்டு வாங்க" என்பார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ஒப்புகைச் சீட்டு, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு யாரையும் கைது செய்ய முடியாது, தடயம் சேகரிக்க முடியாது. இப்படிப்பட்ட குற்றம் பற்றித் தகவல் வந்தாலே எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. பதிய மறுக்கும் காவல் அதிகாரிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் என்று, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவு சொல்கிறது. சம்பவம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவு, மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு, 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்துகொள்ள இடம் தருகிறது. வன்புணர்வு இதற்குள் வராது. ஆனால் அதே புகாரை மானபங்கம் என்று நியாய சன்ஹிதாவின் 74ஆம் பிரிவில் எழுதிவிட்டால், அங்கே தண்டனை ஐந்தாண்டு வரை என்பதால், அந்த 14 நாள் வாசல் திறந்துகொள்கிறது. 14 நாள் கழித்துப் பரிசோதித்தால் உடலில் எந்தத் தடயமும் மிஞ்சியிருக்காது.

இன்னொன்று, நிலையத்தில் புகாரை எழுதும் காவலரான ரைட்டர் எழுதும் வாசகம். தமிழ்நாட்டு எஃப்.ஐ.ஆர்.களில் "ஆசை வார்த்தை கூறி" என்ற தொடர் அச்சு வார்த்ததுபோல வந்து விழும். அந்தப் பெண் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார். "கதவைச் சாத்தினான், சத்தம் போட்டா தம்பியை அடிப்பேன்னு சொன்னான்" என்றிருப்பார். அதை "ஆசை வார்த்தை கூறி உறவு வைத்துக்கொண்டார்" என்று மாற்றி எழுதினால் இரண்டு கேடு. வழக்கு வன்புணர்வுக்கான 63ஆம் பிரிவிலிருந்து 69ஆம் பிரிவுக்கு, அதாவது திருமண வாக்குறுதி போன்ற ஏமாற்று வேலைக்கு இறங்கிவிடும். அந்தப் பிரிவே தன் வாசகத்தில் இது வன்புணர்வு ஆகாது என்று சொல்லிவிடுகிறது; குறைந்தபட்சத் தண்டனையும் கிடையாது. அடுத்தது, நீதிமன்றக் கூண்டில் அவர் நடந்ததைச் சொல்லும்போது, "புகாரில் மிரட்டியதாகச் சொல்லவே இல்லையே" என்று எதிர்த்தரப்பு முரண்பாட்டைக் குறித்துக்கொள்ளும். ஆகவே அவர் சொன்ன சொல்லிலேயே எழுதச் சொல்லுங்கள். படித்துக் காட்டச் சொல்லுங்கள். புகார் தாமதமாயிருந்தால் ஏன் தாமதம் என்பதையும் அதிலேயே எழுத வைக்க வேண்டும்; பயம், பரீட்சை, அம்மா ஊரில் இல்லை, எதுவானாலும் சரி. அங்கே விட்டுப்போன காரணத்தைப் பிறகு நீதிமன்றத்தில் சொன்னால் ஜோடித்தது என்பார்கள்.

பெண் அதிகாரிதான் வாக்குமூலம் எழுத வேண்டும். அவர் விரும்பும் இடத்துக்கு வந்து எழுத வேண்டும் என்பது சட்டம். அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் 1992இல் ஆயிரம் விளக்கில் தொடங்கியபோது இதற்காகத்தான் வந்தன. இன்று அங்கே பெரும்பகுதி நேரம் கணவன் மனைவி பஞ்சாயத்திலேயே போகிறது. காலையில் ஒரு தம்பதியைச் சேர்த்துவைத்த ஆய்வாளர், மாலையில் வன்புணர்வுப் புகாரோடு வரும் பெண்ணிடமும் "அவனையே கட்டிக்கிறியாம்மா?" என்று கேட்டுவிடுகிறார். இந்தக் குற்றத்தில் சமரசத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி, பழங்குடி என்றால், குற்றம் செய்தவர் அந்தச் சமூகத்தைச் சேராதவராக இருக்கும்போது வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர வேண்டும், புலனாய்வு டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாதவரிடம் இருக்க வேண்டும். முதலில் விட்டுவிட்டுப் பின்னால் சேர்க்கும்போது விசாரணை அதிகாரி மாறி, வழக்கு பல மாதம் பின்னுக்குப் போகிறது.

மருத்துவமனைக்கு வருவோம். எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் பார்ப்போம் என்று எந்த மருத்துவமனையும், அரசோ தனியாரோ, சொல்லக் கூடாது. முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தரவேண்டும். மறுத்தால் ஓராண்டு வரை சிறை. உடலுக்குள்ளிருந்து எடுக்கும் மாதிரிகளுக்கு 96 மணி நேரம், அதாவது நான்கு நாள்தான் கெடு. 72 மணி கடந்தாலே வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். குளிக்காமல், வாய் கொப்பளிக்காமல், உடை மாற்றாமல் வந்தால் நல்லது. குளித்துவிட்டாலும் வாருங்கள், துவைக்காத உள்ளாடை ஒன்றே வழக்கைத் தூக்கி நிறுத்தும். ஒப்புதல் மூன்று தனித்தனி விஷயங்களுக்கு வாங்க வேண்டும்: பரிசோதனைக்கு, தடயம் எடுப்பதற்கு, சிகிச்சைக்கு. ஒன்றுக்குச் சம்மதித்து இன்னொன்றை மறுக்க அவருக்கு உரிமை உண்டு. எதை மறுத்தாலும் சிகிச்சையை மறுக்கக் கூடாது.

தரையில் ஒரு பெரிய காகிதத்தை விரித்து, அதன்மேல் நின்று உடையை அவரே களைய வேண்டும். உதிரும் முடி, மண், நூல் எல்லாம் அந்தத் தாளில் விழும்; தாளையும் மடித்து உறையில் போட வேண்டும். ஒவ்வொரு துணியும் தனி உறையில். ஈரமிருந்தால் நிழலில் உலர்த்தி, மடிப்புகளுக்கு நடுவே சுத்தமான தாள் வைத்து, காகித உறையில் அரக்கு முத்திரையோடு கட்ட வேண்டும். இந்த இடத்தில்தான் சோறு போட்டுக் கட்டும் பாலித்தீன் பை வந்து கெடுக்கிறது. பாலித்தீனுக்குள் ஈரம் வியர்த்து, நம் வெயிலில் ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்து, டி.என்.ஏ. சிதைந்துவிடும். பஞ்சுக்குச்சியில் எடுத்த மாதிரிகளையும் உலர்த்தாமல் குழாயில் அடைத்தால் இதே கதிதான். மயக்க மருந்து கொடுத்ததாகச் சந்தேகம் என்றால் முதலில் வரும் சிறுநீரையே பிடித்துவைக்க வேண்டும். பல மருந்துகள் மணிக்கணக்கில் உடலை விட்டு வெளியேறிவிடும். கரு உண்டாகிக் கலைக்க நேர்ந்தால், அந்தத் திசுவை வழக்கம்போல ஃபார்மலினில் போட்டுவிடுகிறார்கள். அதில் ஊறினால் டி.என்.ஏ. எடுப்பது மிகக் கடினம். சாதாரண சலைனில், குளிர்நிலையில் அனுப்ப வேண்டும். தந்தை யார் என்பதற்குக் கையில் இருந்த உறுதியான சான்று ஒரு தவறான திரவத்தால் போய்விடுகிறது.

தடயத்தோடு வேலை முடிவதில்லை. கருத்தடை மாத்திரை லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், முடிந்தவரை 72 மணிக்குள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணிக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் உண்டு. 24 வாரம் வரை கருக்கலைப்புக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. இதற்கெல்லாம் நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று அலையவிடுவது தவறு.

மருத்துவர் எழுதும் கருத்து ஒரே ஒரு வரி. வழக்கே அதில் தொங்குகிறது. "காயம் இல்லை, உறவு நடந்ததற்கான அடையாளம் இல்லை" என்று எழுதி நிறுத்திவிட்டால், எதிர்த்தரப்பு அதைச் சம்மதத்துக்கு ஆதாரமாக வாசிக்கும். மிரட்டலில் உறைந்துபோனவர் உடலில் காயம் இருக்காது. இரண்டு நாள் கழித்து வந்தாலும் இருக்காது. எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதம் ஆகாது என்று 2013 முதல் சட்டமே சொல்கிறது. "காயமோ விந்தோ இல்லாததை வைத்துப் பாலியல் வன்முறை நடக்கவில்லை என்று சொல்ல இயலாது" என்ற வரியும், எத்தனை மணி நேரம் கழித்து வந்தார், குளித்தாரா என்ற விவரமும் சேர்ந்தால்தான் அது முழுமையான கருத்து. பெண் முன்பே உறவு கொண்டவரா என்று பார்க்கும் இரு விரல் பரிசோதனை பற்றியும் சொல்லியாக வேண்டும். உச்ச நீதிமன்றம் 2013இல் கண்டித்தது, மத்திய சுகாதாரத் துறை 2014 வழிகாட்டுதலில் விலக்கியது, சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தடை செய்யச் சொன்னது, அதே ஆண்டு அக்டோபர் 31இல் உச்ச நீதிமன்றம் இதைச் செய்கிறவர் ஒழுங்கீனக் குற்றத்துக்கு ஆளாவார் என்றது. நான்கு முறை சொல்ல வேண்டியிருந்தது என்பதே, கீழே எதுவும் லேசில் மாறுவதில்லை என்பதற்குச் சாட்சி.

அறிக்கை ஏழு நாளில் புலனாய்வு அதிகாரியிடம் போக வேண்டும். மாதிரிகள் மருத்துவமனையிலிருந்து நிலையத்துக்கு, அங்கிருந்து நீதிமன்றத்துக்கு, நீதிமன்றக் கடிதத்தோடு தடய அறிவியல் ஆய்வகத்துக்கு என்று கை மாறுகின்றன. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் தேதி, கையெழுத்து, முத்திரை வேண்டும். குளிர்பதனப் பெட்டி இல்லாத அறையில் மாதிரி வாரக்கணக்கில் கிடந்தால் ஆய்வக முடிவு "கண்டறிய இயலவில்லை" என்று வரும். அது குற்றவாளியின் விடுதலைப் பத்திரம்.

சட்டத்தில் உள்ள ஓர் ஓட்டையையும் இங்கே சொல்ல வேண்டும். புலனாய்வை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193ஆம் பிரிவு. முடிக்காவிட்டால் என்ன? ஒன்றுமில்லை. ஆனால் 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் உள்ளே இருப்பவர் ஜாமீனில் வெளியே வருவார். அதனால் காவல்துறை கண்ணில் படுவது 90ஆம் நாள் மட்டும்தான். கடைசி வாரத்தில் ஆய்வக அறிக்கை இல்லாமலே குற்றப்பத்திரிகை போகிறது. பிறகு "எஃப்.எஸ்.எல். (தடய ஆய்வக) ரிப்போர்ட் வரலை" என்று வாய்தா மேல் வாய்தா. எங்கள் முதல் கோரிக்கை இதுதான்: வன்புணர்வு மாதிரிகளுக்கு ஆய்வகத்தில் தனி வரிசையும் கெடு நாளும் வையுங்கள், கெடு தாண்டினால் ஆய்வக இயக்குநர் எழுத்தில் காரணம் சொல்லட்டும்.

குற்றப்பத்திரிகை வந்த இரண்டு மாதத்தில் விசாரணையை முடிக்க வேண்டும். ஒரு தரப்புக்கு இரண்டு வாய்தாவுக்கு மேல் கிடையாது. இதுவும் சட்டம்தான். முடியுமா என்றால், முடியும். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பர் 23இல் நடந்த குற்றத்துக்கு 2025 ஜூன் 2இல் சென்னை மகளிர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 30 ஆண்டு தண்டனைக் குறைப்பே கிடையாது என்றது. உயர் நீதிமன்றம் தலையிட்டு மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட குழுவை அமைத்திருந்தது. பொள்ளாச்சி வழக்கு 2019இல் தொடங்கி 2025 மே 13இல் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று முடிந்தது. வாச்சாத்தியில் 1992 ஜூன் 20இல் 18 பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்குத் தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு 2011 செப்டம்பரில் வந்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பரில். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் முதல் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டார்கள். ஊர் கவனித்த வழக்கு ஐந்து மாதத்தில் முடிகிறது. யாரும் கவனிக்காத வழக்கில் சிறுமி கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு சம்மன் வருகிறது. அவள் வந்து "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை" என்கிறாள். முன்பு சொன்னதை மாற்றிச் சொன்ன பிறழ் சாட்சி என்று பதிவாகிறது. அவள் பொய்யாகப் புகார் கொடுத்தாள் என்று வெளியே பேசிக்கொள்வார்கள். உண்மையில் அவளைப் பிறழ வைத்தது வாய்தா.

நடைமுறையில் நடப்பது இது. அரசுத் தரப்பு அவளிடம் கேட்கும் முதல் விசாரணை ஒரு நாள் முடியும். எதிர்த்தரப்பு கேட்கும் குறுக்கு விசாரணைக்கு மூத்த வழக்கறிஞர் ஊரில் இல்லை என்று தேதி வாங்குவார்கள். அந்த இடைவெளியில்தான் தெருப் பெரியவர்கள் வீட்டுக்கு வருவார்கள், பணம் பேசப்படும், அவள் தம்பியின் வேலை பேசப்படும். பிறகு அவளைக் கூண்டுக்கு மீண்டும் அழைக்க மனு. முதல் விசாரணை நடந்த அன்றே, தவறினால் மறுநாளே குறுக்கு விசாரணை நடக்க வேண்டும் என்பதை நீதிபதிகள் கண்டிப்பாக வைத்தாலே பிறழ் சாட்சிகள் பாதியாகக் குறையும் என்பது எங்கள் கணிப்பு. அவரது முந்தைய உறவுகள் பற்றிய கேள்விகளை எதிர்த்தரப்பு கேட்டால், அரசு வழக்கறிஞர் எழுந்து மறுப்பதற்கு முன்பே நீதிபதி தடுக்க வேண்டும். நடத்தை பற்றிய கேள்விக்கு 2002லேயே சட்டம் கதவை மூடிவிட்டது. திரை, தனி அறை, காணொலி வசதி உள்ள சாட்சி மையங்கள் அமைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. குற்றவாளி நிற்கும் அதே தாழ்வாரத்தில் அவள் காலை பத்து மணி முதல் உட்கார்ந்திருக்கும் நிலை எந்த நீதிமன்றத்திலும் இருக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர் தன் சார்பில் ஒரு வழக்கறிஞரை வைத்து அரசு வழக்கறிஞருக்கு உதவலாம். அப்படி வைத்தால் குற்றப்பத்திரிகை நகலும் ஆவணங்களும் அவருக்கும் இலவசமாகக் கிடைக்கும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்டால் வழக்கறிஞருக்குக் கட்டணமில்லை. இழப்பீடும் அங்கேதான்: 2018 திட்டப்படி வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்புணர்வுக்கு 5 முதல் 10 லட்சம். தீர்ப்பு வரைக் காத்திருக்காமல் இடைக்கால நிவாரணம் கேட்கலாம்.

நீதிமன்றமே வழி தவறியதும் உண்டு. 2015இல் சென்னை உயர் நீதிமன்றம், தண்டனை பெற்றவர் பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேச ஜாமீன் தந்தது. உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் இது கூடவே கூடாது என்று சொன்ன பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2021 மார்ச்சில் அபர்ணா பட் வழக்கில், ஜாமீனுக்கு நிபந்தனையாகப் பாதிக்கப்பட்ட பெண்ணிடம் ராக்கி கட்டிக்கொள்ளச் சொல்வதையும், திருமணம் பேசச் சொல்வதையும் உச்ச நீதிமன்றம் தடுத்தது.

சட்டத்தையே திருத்த வேண்டிய இடங்கள் இரண்டு. 18 வயது கடந்த மனைவியை அவள் விருப்பமின்றிக் கணவன் புணர்ந்தால் குற்றமில்லை என்ற விதிவிலக்கு 63ஆம் பிரிவில் அப்படியே நீடிக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றம் 2022 மே மாதம் இரண்டாகப் பிரிந்து தீர்ப்பளித்தது. கருக்கலைப்புச் சட்டத்தில் மட்டும், மனைவிக்கு நடப்பதும் வன்புணர்வே என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது. ஒரே செயலுக்கு மருத்துவமனையில் ஒரு பெயர், காவல் நிலையத்தில் பெயரே இல்லை. மற்றது, திருநங்கைக்கு நடக்கும் பாலியல் கொடுமைக்கு 2019ஆம் ஆண்டு மாற்றுப் பாலினத்தவர் பாதுகாப்புச் சட்டப்படி அதிகபட்சம் இரண்டு ஆண்டு. இயற்கைக்கு மாறான உறவு பற்றிய பழைய 377ஆம் பிரிவு புதிய சட்டத்தில் இல்லாததால், 18 வயது கடந்த ஆணுக்கு நடந்தால் வன்புணர்வு என்று வழக்குப் போடவே பிரிவு கிடையாது. இந்தத் திருத்தங்களைக் கேட்டு உங்கள் நாளிதழ் தலையங்கம் எழுத வேண்டும்.

உங்கள் செய்தியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "கற்பழிப்பு" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அவளிடமிருந்து எதுவும் அழியவில்லை, அவள்மீது குற்றம் இழைக்கப்பட்டது. பெயர் போடாமல் தெரு, கல்லூரி, வகுப்பு, அப்பாவின் தொழில் என்று போட்டாலும் அடையாளம் தெரிந்துவிடும். அதுவும் நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றமே. பொள்ளாச்சியில் காவல்துறையும் அரசாணையும், அண்ணா பல்கலைக்கழக வழக்கில் இணையத்தில் கசிந்த எஃப்.ஐ.ஆரும் பாதிக்கப்பட்ட பெண்களின் விவரத்தை வெளியிட்டன. இரண்டு வழக்கிலும் உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. காவல்துறை செய்தியாளர் சந்திப்பில் கேட்க வேண்டியவை: புகார் வந்த மணி என்ன, எஃப்.ஐ.ஆர். பதிவான மணி என்ன, எந்தப் பிரிவு, பரிசோதனை எத்தனை மணி நேரத்தில் நடந்தது, மாதிரி ஆய்வகத்துக்கு எந்தத் தேதியில் போனது. இந்த ஐந்து விடைகளையும் செய்தியிலேயே போடுங்கள். அதற்குக் கீழே ஒரு பெட்டியில்: பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112, சட்ட உதவிக்கு 15100. நான்கு நாளுக்குள் மருத்துவமனைக்குப் போங்கள், எஃப்.ஐ.ஆர். இல்லாவிட்டாலும் பார்ப்பார்கள், போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் கொண்டுபோங்கள்.

இப்படிக்கு,
மகளிர் நீதிமன்ற வழக்கறிஞர்கள், அரசு மருத்துவர்கள் சிலர்,
மதுரை